மெட்டலில் பிரபல பாணி மாறுவது எதனால்? க்ளாம் முதல் இன்று வரை

#1 பழையகேசட்

"பத்து வருஷத்துக்கு ஒரு பாணி" என்ற கணக்கு ஹெவி மெட்டல் ராக் இசை பற்றிய பேச்சில் அடிக்கடி வருகிறது. 80களில் க்ளாம் (அலங்காரமும் கவர்ச்சியும் தூக்கலான மெட்டல்), 90களின் கடைசியில் நியூ மெட்டல் (ஹிப்ஹாப் தாளம் கலந்தது), 2000களில் மெட்டல்கோர் (ஹார்ட்கோர் பங்க் கலந்தது) என்று வரிசையாக அடுக்குவார்கள். அந்த வரிசை தப்பில்லை. ஆனால் ஒன்று போய் இன்னொன்று ஏன் வந்தது என்பதை அது சொல்வதில்லை. என் வாதம் இதுதான்: கேட்பவரிடம் பாட்டு போய்ச் சேரும் வழி மாறும்போது பாணியும் மாறுகிறது. அந்த வழி நகல்களால் நிரம்பும்போது அந்தப் பாணி விழுகிறது.

1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியது. அதற்கு முன் மெட்டல் பரவியது பெரும்பாலும் கச்சேரிகள் வழியாகவும் பத்திரிகைகள் வழியாகவும்தான். பிரிட்டனில் 1979இல் 'சவுண்ட்ஸ்' இதழ் புதிய அலை என்று பெயர் வைத்த அயன் மெய்டன், சாக்ஸன், டைமண்ட் ஹெட் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். டிவி வந்ததும் முகம், முடி, உடை எல்லாம் பாட்டின் பகுதியாகிவிட்டன. 1983 நவம்பரில் க்வயட் ரயட்டின் 'மெட்டல் ஹெல்த்' அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஹெவி மெட்டல் ஆல்பம் ஒன்று அங்கே ஏறியது அதுவே முதல் முறை.

அதே 1983 ஜூலையில் மெட்டாலிக்காவின் முதல் ஆல்பம் வந்தது. அவர்கள் வந்த வழியே வேறு. 1982இல் அவர்கள் பதிந்த டெமோ கேசட்டை ரசிகர்களே பிரதி எடுத்துத் தபாலில் நாடு நாடாக அனுப்பினார்கள். ஒரே வருஷம், ஒரே நாடு, இரண்டு வழி. அதனால்தான் இரண்டு பாணி. படம் தெரியாத கேசட்டில் ஆளைப் பிடித்து நிறுத்த வேகமும் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) மட்டுமே உண்டு.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 தாழ்சுருதி

வழி முக்கியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிட்டாரின் நரம்பைத் தொடாமல் இந்தக் கதையைப் பேச முடியாது.

பிளாக் சாபத்தின் கிட்டார்காரர் டோனி அயோமி இடது கைக்காரர். பர்மிங்காம் உலோகத் தகடு ஆலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் உறை செய்துகொண்டார், மெல்லிய நரம்பு போட்டார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். நரம்பு தளர்ந்தால் வலிக்கும் விரலுக்கு நிம்மதி. கூடவே ஒலியும் கனத்தது. அங்கிருந்து பிரபல மெட்டலின் அடிநரம்பு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள்:

ஸ்டாண்டர்ட் ஈ, 82.4 ஹெர்ட்ஸ். மெய்டன், மெட்டாலிக்காவின் 80களின் பெரும்பகுதி.
சி ஷார்ப், 69.3. பழைய சாபத்.
ஏ, 55. கார்ன், 1994, 7 ஸ்ட்ரிங்.
எஃப் ஷார்ப், 46.2. 8 ஸ்ட்ரிங்கின் வழக்கமான அடிநரம்பு.
ஒப்பிட, சாதாரண பேஸ் கிட்டாரின் அடிநரம்பு 41.2.

நரம்பின் இழுவிசை சுருதியின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதே 46 கேஜ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 46 பங்கு தடிமன்) நரம்பை ஈ ஸ்வரத்திலிருந்து பி ஸ்வரத்துக்கு இறக்கினால், 61.7 ஹெர்ட்ஸ், இழுவிசையில் 56 சதவீதம்தான் மிஞ்சும். பிக் பட்டதும் நரம்பு விரிந்து சுருதி மேலே ஏறி இறங்கும், ஃப்ரெட்டில் அடித்துச் சலசலக்கும். பழைய இழுவிசை வேண்டுமானால் 46ஐ 82.4ஆல் பெருக்கி 61.7ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 61 கேஜ். ஏ ஸ்வரத்துக்கு 69. எஃப் ஷார்ப்புக்கு 82; அந்தத் தடிமனில் நரம்பு கம்பிபோல விறைத்து மேல் ஸ்வரங்கள் பிசகும். அதனால்தான் கழுத்து நீண்டது. 25.5 அங்குலத்தை 27 ஆக்கினால் 77 அல்லது 78 போதும். ஐபனேஸ் 2007இல் கடைக்கு அனுப்பிய 8 ஸ்ட்ரிங் மாடல் 27 அங்குலம்தான்.

கருவி மாறினால் கை மாறும், கை மாறினால் ரிஃப் மாறும். ட்ராப் டி சுருதியில் (அடிநரம்பை மட்டும் ஈயிலிருந்து டிக்கு இறக்குவது) கடைசி மூன்று நரம்புகளை ஒரே விரலால் அழுத்தினால் பவர் கார்ட் (ஒரு ஸ்வரமும் அதன் ஐந்தாமிடமும்) கிடைக்கிறது. மூன்று விரல் வடிவத்தை நகர்த்திய காலத்தில் வராத துள்ளல் ரிஃப்கள் அதில் தானாக வரும். 90களின் ஒலியில் பாதி இந்த ஒரு விரல்.

#3 இரட்டைமிதி

கிட்டாருக்கு ஒரு கணக்கு என்றால் டிரம்முக்கும் ஒன்று இருக்கிறது. நிமிஷத்துக்கு 200 துடிப்பில் பதினாறாம் ஸ்வரமாக இரண்டு காலாலும் கிக் அடித்தால் வினாடிக்கு 13.3 அடி. இரண்டு அடிக்கு நடுவே 75 மில்லிசெகண்ட்.

70களின் கிக் டிரம் ஒலி அதைவிட நீளம். ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழும். கேட்கும்போது தனித்தனி அடி தெரியாது, அடியில் ஒரு உறுமல்தான் ஓடும். வேகம் கூடக்கூடத் தொழில்நுட்பம் இப்படிப் போனது:

1979இல் மோட்டர்ஹெட்டின் 'ஓவர்கில்'. இரட்டைக் கிக் பாட்டு முழுக்க ஓடுகிறது. ஒலி அறையின் எதிரொலியோடு, உருண்டு வரும்.
1986இல் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் ப்ளட்'. 10 பாட்டு, 29 நிமிஷத்துக்குள். தயாரிப்பாளர் ரிக் ரூபின் எதிரொலியைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டார். அந்த வேகத்தில் எதிரொலி இருந்தால் ரிஃப்பே தெரியாது.
90களின் தொடக்கத்தில் பான்டெரா. டிரம்மர் வின்னி பால் கிக்கின் 'டிக்' என்ற ஓசையை முன்னால் கொண்டுவந்தார்.
அதன்பின் ட்ரிகர். டிரம்மில் உணர்கருவி ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் முன்பே பதிந்த சாம்பிளை ஒலிக்கவைப்பது.

ட்ரிகர் வந்ததில் என்ன கெட்டது? எல்லா அடியும் ஒரே அளவு. களைப்பு, அழுத்தம், வலது கால் இடது கால் வித்தியாசம் எல்லாம் காணாமல் போனது. 2000களில் அடிகளைக் கணினியின் தாளக்கோட்டுக்கு இழுத்து நேராக்கும் எடிட்டிங் சேர்ந்ததும் வெவ்வேறு பாண்டுகளின் ஆல்பங்கள் ஒரே ஆள் வாசித்தது போல ஆயின. இன்று சாம்பிளை அசல் மைக் ஒலியோடு பாதிக்குப் பாதி கலப்பவர்கள் அதிகம். சரியான வழி அதுதான் என்பது என் தீர்மானம். சாம்பிளின் 'டிக்' 3லிருந்து 5 கிலோஹெர்ட்ஸ், அசல் டிரம்மின் உடல் 60லிருந்து 80 ஹெர்ட்ஸ். கலக்கும்போது இரண்டின் அலையும் ஒரே திசையில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எதிரெதிராக இருந்தால் அடிப்பகுதி காணாமல் போகும். கூட்டக்கூட மெலியும்.

#4 முதல்வரிசை

தாழ்சுருதி அண்ணா, கீழே போகப் போகக் கனம் என்றால் நார்வே பிளாக் மெட்டல் எப்படி? டார்க்த்ரோன் 1994 ஆல்பத்தில் அடிப்பகுதியே இல்லையே. எல்லாம் மெல்லிய இரைச்சல்தான். அதையும் கொடூரமான இசை என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

#5 தாழ்சுருதி

நல்ல கேள்வி. பதில் டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைப்பது) என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

இரண்டு ஸ்வரங்களை டிஸ்டார்ஷனில் விட்டால் அவற்றின் வித்தியாசமும் தனி ஸ்வரமாகப் பிறக்கும். பவர் கார்டில் 110 ஹெர்ட்ஸ் ஏயும் 165 ஹெர்ட்ஸ் ஈயும் சேர்ந்தால் வித்தியாசம் 55. அது அதே ஏயின் கீழ் ஸ்தாயி. வாசிக்காத ஒரு பேஸ் ஸ்வரம் இலவசமாகக் கிடைக்கிறது. அதனால்தான் பவர் கார்ட் மெட்டலின் அஸ்திவாரம். அதே ஏயோடு மைனர் மூன்றாமிடமான சியை, சுமார் 131 ஹெர்ட்ஸ், சேர்த்தால் வித்தியாசம் 21 பக்கம் வரும். எந்த ஸ்வரத்தோடும் ஒட்டாத ஒரு கலங்கல்.

பிளாக் மெட்டல்காரர்களுக்கு வேண்டியது அந்த மைனர் கார்டின் சோகம். முழு மைனர் கார்டை விடாமல் ட்ரெமலோ பிக்கிங்கில் (நரம்பை வேகமாக மேலும் கீழும் மீட்டுவது) ஓட்ட வேண்டுமென்றால் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் சேறு. அந்த 1994 ஆல்பம் வீட்டில் 4 ட்ராக் கருவியில் பதியப்பட்டது. டெத் மெட்டலின் (உறுமல் குரலுடைய கனமான மெட்டல்) ஸ்டூடியோ ஒலி மெருகேறிவிட்டது என்ற எரிச்சலும் அதில் கலந்திருந்தது. கனம் என்பது எடை மட்டுமில்லை. குளிரும் தூரமும்கூட ஒரு கனம்தான்.

#6 பழையகேசட்

இதையே நான் நகல் என்ற பக்கத்திலிருந்து சொல்கிறேன். டார்க்த்ரோனின் முதல் ஆல்பம் 1991இல் வந்தது, அது டெத் மெட்டல். அடுத்த ஆல்பமும் அப்படியே இருக்கும் என்று லேபிள் (வெளியீட்டு நிறுவனம்) காத்திருந்தபோது 1992இல் பிளாக் மெட்டலைக் கொடுத்தார்கள். ஏன் அந்த நேரத்தில்? டெத் மெட்டல் அப்போது உச்சத்தில் இருந்தது. ஃப்ளோரிடாவின் டாம்பா நகரிலுள்ள மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் ஸ்காட் பர்ன்ஸ் பதிந்த ஆல்பங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரே அறை, ஒரே பொறியாளர், ஒரே மாதிரி கிக். அடையாளம் வேண்டியவன் எதிர்ப்பக்கம் ஓடினான்.

1993இல் பெரிய நிறுவனங்களும் டெத் மெட்டலில் இறங்கின. நாட்டிங்காமின் இயர்ஏக் லேபிள் கொலம்பியாவோடு ஒப்பந்தம் போட்டது. கார்கஸ், என்டூம்ட், நபாம் டெத் எல்லாம் அதில் போனார்கள். மார்பிட் ஏஞ்சல் ஜயன்ட் ரெக்கார்ட்ஸில் 'கவனன்ட்' கொடுத்தார்கள். சில வருஷத்தில் அந்தக் கூட்டு கலைந்தது. பிரபலம் ஆகிவிடும் என்று பணக்காரன் நம்பி வரும் நேரம் பெரும்பாலும் அந்தப் பாணியின் பின்மாலை.

#7 வினைல்வீதி

க்ளாமைக் கொன்றது நிர்வாணா, அவ்வளவுதானே? இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?

#8 பழையகேசட்

அந்தக் கதையில் ஒரு பகுதி உண்மை, முழுசும் இல்லை. தேதிகளைப் பாருங்கள்.

1991 மே மாதக் கடைசியில் அமெரிக்க ஆல்பம் பட்டியலைக் கணக்கிடும் முறை மாறியது. அதுவரை கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்ன தரவரிசை. அதன்பின் சவுண்ட்ஸ்கேன், பில் போடும் இயந்திரத்தின் நேரடி எண்ணிக்கை. மாறிய கொஞ்ச நாளில், ஜூனில், ஸ்கிட் ரோவின் 'ஸ்லேவ் டு த க்ரைண்ட்' நேராக முதலிடத்தில் இறங்கியது. ஆகஸ்டில் மெட்டாலிக்காவின் கறுப்பு ஆல்பமும் அப்படியே. அமெரிக்கா எவ்வளவு கனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது முதல் முறையாகத் தெரிந்தது. நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' செப்டம்பர் 24க்கு வந்து 1992 ஜனவரியில்தான் உச்சிக்குப் போனது. ஆக, நிர்வாணா வகை க்ரன்ஜ் ராக் வருவதற்கு முன்பே ஒலி கனத்துவிட்டது. ஸ்கிட் ரோவே முந்தைய ஆல்பத்தைவிட முரட்டுத்தனமாக மாறியிருந்தார்கள்.

இன்னொன்று. 1988 டிசம்பரில் பாய்சன் ஒரு மெதுவான பாலட்டோடு சிங்கிள்ஸ் பட்டியலில் முதலிடம் போனபின் எல்லா லேபிளும் அதையே கேட்டது. பாண்டை நாடு அறிந்தது அதன் மிக மென்மையான பாட்டால். கச்சேரிக்கு வந்தவன் எதிர்பார்த்ததும் மேடையில் வந்ததும் வேறு வேறாயின.

கடைசியாக, கறுப்பு ஆல்பத்தின் தயாரிப்பாளர் பாப் ராக். 1989இல் மோட்லி க்ரூவின் 'டாக்டர் ஃபீல்குட்' அவர் கைவண்ணம். அந்த டிரம் ஒலிக்காகத்தான் மெட்டாலிக்கா அவரிடம் போனார்கள். கறுப்பு ஆல்பத்தின் முதல் பாட்டின் வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 123 துடிப்பு. அவர்களின் 1986 ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு 210ஐத் தாண்டும். க்ளாம் செத்தது என்கிறோம், அதன் ஒலிப்பதிவு அறிவு த்ராஷுக்குள் (மெட்டாலிக்கா, ஸ்லேயர் வகை அதிவேக மெட்டல்) குடியேறி 90களை ஆண்டது.

#9 இரட்டைமிதி

மேலே உள்ளதோடு ஒரு குறிப்பு. வேகம் 123க்கு வந்ததும் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் முக்கிய டிரம்) அடிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு வினாடி இடைவெளி கிடைக்கிறது. பெரிய அறையின் எதிரொலி அதற்குள் முழுசாக அடங்கிவிடும். அந்த "பிரம்மாண்டம்" வேகத்தைக் குறைத்ததால் கிடைத்தது. 210இல் அதே அறை ஒலியைப் போட்டால் குழம்பிவிடும்.

#10 ரிஃப்பட்டறை

ஸ்வீடன் பக்கம் யாரும் போகவில்லையே. ஸ்டாக்ஹோமும் கோதன்பர்க்கும் இல்லாமல் இன்றைய ஒலி இல்லை. முதலில் ஸ்டாக்ஹோம்: என்டூம்டின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்', 1990, சன்லைட் ஸ்டூடியோ, தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க். அந்த மரமறுக்கும் ரம்ப ஒலி பாஸ் எச்எம்-2 என்ற ஒரே பெடல். 1983இலிருந்து 1991 வரை தயாரித்து நிறுத்தினார்கள், 2021இல் புதுப்பதிப்பு விட்டார்கள். க்ளாம் காலத்து ஆம்ப் ஒலியை மலிவில் கொடுக்கச் செய்த பெடல் அது. டெத் மெட்டல்காரர்கள் நான்கு குமிழையும் கடைசி வரை திருகி வேறு விலங்காக்கினார்கள்.

செய்து பார்ப்பவர்களுக்கு:

லெவல், கலர் லோ, கலர் ஹை, டிஸ்டார்ஷன் நான்கையும் முழுசாக வையுங்கள். ஆம்ப்பை க்ளீன் சேனலில், லேசாக உடையும் அளவுக்கு மட்டும். மிட் 6 அல்லது 7. ஹை-கெயின் சேனலில் இந்தப் பெடலைச் செருகினால் ரம்பம் போய் வெறும் கொதிப்பு மிஞ்சும். எல்லோரும் செய்யும் முதல் தப்பு அதுதான். பெடலே 100 ஹெர்ட்ஸ் பக்கமும் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கமும் பெரிய மேடு போட்டுவிடும். அதனால் பேஸ் கிட்டாரோடு சேரும்போது அடிப்பகுதி வீங்கும். பாண்டோடு வாசிக்கையில் கலர் லோவைப் பாதிக்கு இறக்கிவிடுங்கள். நிறுத்தும் இடங்களில் வரும் இரைச்சலுக்கு நாய்ஸ் கேட் கட்டாயம், பெடலுக்குப் பின்னால்.

2010இல் நெய்ல்ஸ் இதை ஹார்ட்கோர் பங்க்குக்குள் கொண்டுவந்தார்கள். கர்ட் பலூ தன் ஸ்டூடியோவில் இதைச் சாதாரண ஆம்ப் ஒலியோடு கலந்து பதிந்தார். ஸ்டாக்ஹோமின் 1990 ஒலி அமெரிக்க ஹார்ட்கோர் பிள்ளைகளின் ஒலியானது அப்படித்தான்.

#11 ரிஃப்பட்டறை

கோதன்பர்க் தனிப்பதிவாகப் போடுகிறேன், நீளும்.

அட் த கேட்ஸ் 1995, இன் ஃப்ளேம்ஸ் 1996, டார்க் ட்ரான்க்விலிட்டி 1995. மெய்டனின் இரட்டைக் கிட்டார் மெட்டை டெத் மெட்டல் குரலுக்குக் கீழே வைத்தார்கள். அட் த கேட்ஸ் அந்த ஆல்பத்துக்குப் பின் 1996இல் கலைந்துவிட்டார்கள். பலன் கிடைத்தது அடுத்த தலைமுறைக்கு, அதுவும் கடல் தாண்டி. அமெரிக்காவின் கில்ஸ்விட்ச் என்கேஜ் 2002இல் அந்த ரிஃப்பை எடுத்து, ஹார்ட்கோரின் பிரேக்டவுனைச் (வேகம் சட்டென்று இறங்கிக் கனக்கும் பகுதி) சேர்த்து, பல்லவியில் சுத்தமான குரலில் பாடினார்கள். கத்தலும் பாட்டும் மாறி மாறி வரும் அமைப்பை 1995இல் ஃபியர் ஃபேக்டரி செய்து காட்டியிருந்தார்கள். மூன்றும் ஒட்டிய இடம்தான் 2000களின் மெட்டல்கோர்.

கூடவே ஒரு ஆம்ப் சங்கதி. 1992இல் வந்த பீவி 5150, அதற்கு முன்னால் டியூப் ஸ்க்ரீமர் பெடல். பெடலில் டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, டோன் நடுவில். டிஸ்டார்ஷனுக்காக அல்ல. அந்தப் பெடல் சுமார் 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல வெட்டும். ஆம்ப்புக்குள் அடிப்பகுதி குறைவாகப் போனால் பாம் ம்யூட் (உள்ளங்கையால் நரம்பை அமுக்கி மீட்டுவது) இறுக்கமாக வெளியே வரும். டிரைவை ஏற்றியவர்கள் ஒலி பிசுபிசுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள்.

#12 முழுசத்தம்

நியூ மெட்டலைக் கொஞ்சம் மரியாதையோடு பேசலாம். பெரும்பாலான மெட்டல் இழைகளில் அதை வரலாற்றின் விபத்து மாதிரி தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கார்னின் 1994 முதல் ஆல்பத்தில் நடந்ததைக் கவனியுங்கள். 7 ஸ்ட்ரிங் கிட்டார் 1990இல் ஸ்டீவ் வாய்க்காக வந்தது, வேக சோலோ வாசிப்பவரின் கருவி. கார்னின் இரண்டு கிட்டார்காரர்கள் அதை ஒரு முழுச்சுரம் கீழே இறக்கி ஏவில் வைத்து சோலோவையே விட்டுவிட்டார்கள். த்ராஷில் இரண்டு கிட்டாரும் ஒரே ரிஃப்பை வாசிக்கும். இங்கே ஒருவர் அடியில் குத்த, மற்றவர் மேலே பிசிறான ஸ்வரங்களைத் தெளிப்பார். கிட்டார் 55 ஹெர்ட்ஸுக்கு வந்து பேஸின் இடத்தைப் பிடித்ததால் பேஸ் 'கடகட'வென்று தாளக்கருவியாக மேலே ஏறியது. தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன். அவரே 1996இல் செபுல்டுராவின் 'ரூட்ஸ்' செய்தார். அதில் பிரேசிலின் ஷவான்டே மக்களோடு பதிந்த பகுதியும், கார்லினியோஸ் ப்ரௌனின் தாளமும் உண்டு. நியூ மெட்டலின் தாளப் புரட்சிக்குப் பின்னால் இப்படி ஒரு அகலம் இருந்தது.

விழுந்தது ஏன் என்றால் பழையகேசட் சொன்ன நகல் நோய்தான். பெரிய பாண்டுகள் பாணியைத் துரத்தியது அதன் அடையாளம். ஸ்லேயர் 1998, மெஷின் ஹெட் 1999, மெட்டாலிக்கா 2003. அந்த 2003 ஆல்பத்தில் சோலோ கிடையாது, ஸ்னேரின் அடிக்கம்பி இறுக்காமல் விடப்பட்டு டின் மாதிரி ஒலிக்கும். 2000இல் லின்கின் பார்க் அந்த மொழியைச் சுருக்கிக் கச்சிதமாக்கி முடித்துவிட்டபின், மூன்று வருஷம் கழித்து வந்து சேர்ந்தார்கள். பாட்டு எழுதிப் பதிந்து வெளியிட இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதனால் துரத்துகிறவன் எப்போதும் அவ்வளவு தாமதம்.

#13 இரட்டைமிதி

துரத்தியும் ஜெயித்த ஒருவர் உண்டு: ஜூடாஸ் ப்ரீஸ்ட், 1990, 'பெயின்கில்லர்'. த்ராஷ் வேகத்துக்கு வர ஸ்காட் ட்ராவிஸ் என்ற புது டிரம்மரை எடுத்தார்கள். மெட்டும் குரலும் தங்களுடையதாகவே இருந்தது, கால்கள் மட்டும் புதுசு. முழுசாக வேஷம் போடாமல் ஒரே ஒரு பாகத்தை மாற்றியதால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன்.

#14 தாழ்சுருதி

அடுத்தது ஜென்ட் (தாழ்ந்த சுருதியில் சிக்கலான தாளத்தை வெட்டி வாசிக்கும் பாணி). மெஷுகா 1995இலேயே அந்த மொழியைப் பேசிவிட்டார்கள். பிரபலம் ஆக 15 வருஷம் ஆனது. இடையில் மாறியது படுக்கையறை. 1998இல் லைன் 6 பாட், 2006இல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ். ஆம்ப் இல்லாமல் கிட்டாரை நேராகக் கணினியில் செருகலாம். மெஷுகா 2005இல் ஒரு முழு ஆல்பத்தின் டிரம்மையே மென்பொருளில் நிரல் செய்தார்கள். மிஷா மன்சூர் வீட்டில் பதிந்த துண்டுகளை இணையக் குழுக்களில் போட்டுப் போட்டே 2010இல் பெரிஃபெரி ஆல்பம் வரைக்கும் வந்தார். பழையகேசட்டின் தபால் கேசட் வாதம் இங்கே மறுபடி நிற்கிறது.

ரிஃப் கட்டும் விதம் இது. டிரம்மரின் வலது கை சிம்பலில் நேராக 4/4 அடிக்கிறது. கிட்டாரும் கிக்கும் சேர்ந்து 7 பதினாறாம் ஸ்வரங்கள் கொண்ட ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. நான்கு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) 64 பதினாறுகள். 7 வீதம் 9 முறை போனால் 63. ஒன்று மிச்சம். கடைசித் துண்டை 8 ஆக நீட்டினால் எல்லோரும் அடுத்த பாரின் முதல் அடியில் ஒன்றாக வந்து விழுவார்கள். புதிதாகச் செய்பவர்கள் அந்த மிச்சத்தை மறந்து ஐந்தாவது பாரில் சிதறுவார்கள். இன்னொரு தப்பு, கையையும் காலையும் சேர்த்து எண்ணுவது. தலையைச் சிம்பலோடு ஆட்டிக்கொண்டு துண்டை வாயால் சொல்லிப் பழகினால் வந்துவிடும்.

ஏன் மெட்டு குறைந்து தாளம் கூடியது என்பதற்கும் இங்கே காரணம் கிடைக்கிறது. இரட்டைமிதி சொன்ன 75 மில்லிசெகண்டில் 82 ஹெர்ட்ஸ் நரம்பு ஆறு முறை அசையும். 46 ஹெர்ட்ஸ் நரம்பு மூன்றரை முறைதான். காது ஸ்வரத்தைப் பிடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. மிஞ்சுவது அடியும் உரசலும். கிட்டார் டிரம்மாகிவிட்டது.

#15 ரிஃப்பட்டறை

அதனால்தான் 8 ஸ்ட்ரிங் பதிவில் கிட்டாரின் 80லிருந்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க வெட்டுவார்கள். நாம் "கிட்டார் எவ்வளவு கீழே போகிறது" என்று வியப்பதில் பாதி பேஸ். பேஸ் ஒரு ஸ்தாயி கீழே போனால் 23 ஹெர்ட்ஸ், எந்த வீட்டு ஸ்பீக்கரும் அதைக் கொடுக்காது. ஆகவே கிட்டாரின் அதே ஸ்வரத்தில், டிஸ்டார்ஷனோடு வாசிக்கும். வெட்டாமல் இரண்டையும் விட்டால் கிக் புதைந்துபோகும்.

#16 முதல்வரிசை

இன்றைக்கு என்ன பாணி? 20 வருஷத்துக்கு ஒரு முறை பழசு திரும்பும் என்கிறார்களே, அந்தக் கணக்குப்படி நியூ மெட்டல் திரும்பியிருக்க வேண்டும்.

#17 முழுசத்தம்

நியூ மெட்டல் திரும்பியது உண்மை. ஆனால் 20 வருஷ விதியை நம்பவில்லை. பிளாக் மெட்டல் எங்கேயும் போகவில்லை, திரும்பிவர. பவர் மெட்டல் அமெரிக்காவில் இல்லாதபோது ஜெர்மனியிலும் பின்லாந்திலும் நிறைந்த அரங்குகளில் நடந்தது. 1997இல் டெத் மெட்டலின் கோதன்பர்க்கிலிருந்தே ஹாமர்ஃபால் பழைய பாணியைத் தூக்கிப் பிடித்தார்கள். அதன் தொடக்கத்தில் டிரம் வாசித்தவர் இன் ஃப்ளேம்ஸின் கிட்டார்காரர். பாணிகள் வரிசையில் நிற்கவில்லை, ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தன.

இன்று இரண்டு ஓட்டம் தெரிகிறது. 2025 மே மாதப் பட்டியல்களில் கோஸ்ட், ஸ்லீப் டோக்கன் இருவரும் அமெரிக்க ஆல்பம் பட்டியலின் முதலிடம் கண்டார்கள். இருவருக்கும் முகமூடி, இருவருக்கும் கதை. மற்றபடி ஒலி வேறு. கோஸ்ட் 80களின் ஆரம்ப மெட்டல் மெட்டுக்குப் போகிறார்கள், ஸ்லீப் டோக்கன் ஆர் அண்ட் பி குரலுக்குக் கீழே 8 ஸ்ட்ரிங் வைக்கிறார்கள். இரண்டாவது ஓட்டம் குரல். 2021இல் லோர்னா ஷோரின் ஒரு பாட்டின் கடைசிப் பகுதி துண்டு வீடியோவாகப் பரவியது. 80களில் கிட்டார் சோலோ இருந்த சாகச இடத்தில் இப்போது தொண்டை இருக்கிறது. 20 வினாடித் துண்டில் சோலோவுக்கு முன்கதை வேண்டும், குரலுக்கு வேண்டாம். அதனால் பாட்டின் உச்சம் கடைசி நிமிஷத்து பிரேக்டவுனுக்கு நகர்ந்துவிட்டது.

#18 பழையகேசட்

துண்டு வீடியோவில் பிரேக்டவுன் நிரம்பி வழிகிறது. ஒரே மாதிரி நிறுத்தம், ஒரே மாதிரி அடி, அதற்கு முன் ஒரே மாதிரி உறுமல். 1989இன் பாலட் நிலைமை இது. பிளட் இன்கன்டேஷன் 2024 ஆல்பத்தில் ஒவ்வொன்றும் 20 நிமிஷத்தைத் தாண்டும் இரண்டே பாட்டுகள் வைத்ததை இதற்கு எதிர்ப்பக்கமாகப் பார்க்கிறேன். அதிலிருந்து துண்டு வெட்ட முடியாது.

#19 முதல்வரிசை

இதையெல்லாம் காதால் பிடிக்க எதை எதோடு கேட்க வேண்டும்? ஒரு சின்ன வரிசை கொடுங்கள் அண்ணன்களே.

#20 தாழ்சுருதி

ஜோடி ஜோடியாகக் கேளுங்கள், ஹெட்போனில், ஒலி அளவைச் சமப்படுத்திக்கொண்டு. புது ஆல்பங்கள் இறுக்கிப் பதிந்தவை, சத்தமாக இருப்பதாலேயே கனமாகத் தோன்றும்.

சாபத் 1971, பிறகு கார்ன் 1994. இரண்டிலும் பேஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள்.
ஸ்லேயர் 1986, பிறகு மெட்டாலிக்கா 1991. ஸ்னேருக்குப் பின்னால் எவ்வளவு நேரம் அறை ஒலிக்கிறது?
அட் த கேட்ஸ் 1995, பிறகு கில்ஸ்விட்ச் என்கேஜ் 2002. ரிஃப் எந்த இடத்தில் பாதி வேகத்துக்கு இறங்குகிறது?
மெஷுகா 1995, பிறகு பெரிஃபெரி 2010. சிம்பலைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள்.

#21 இரட்டைமிதி

ஒரு ஜோடி என் பங்குக்கு. மெட்டாலிக்காவின் 2008 ஆல்பத்தை சிடியிலும் அதே ஆண்டின் கிட்டார் ஹீரோ விளையாட்டுப் பதிப்பிலும் கேளுங்கள். விளையாட்டுக்குத் தனித்தனி ட்ராக்குகள் இறுக்குவதற்கு முன்பே போய்விட்டதால் அதில் ஸ்னேர் உயிரோடு இருக்கிறது. சிடியில் பலத்த இடங்கள் எல்லாம் தட்டையாகி நறநறக்கும். வாசிப்பு ஒன்றுதான், கடைசிக் கட்ட இறுக்கம் மட்டும் வேறு.

#22 ரிஃப்பட்டறை

அந்த ஜோடியைக் கேட்கும்போது சிடியை 5 டெசிபெல்லாவது குறைத்துவையுங்கள். அப்படியே போட்டால் முதல் பத்து வினாடி சிடிதான் நன்றாக இருப்பதாகப் படும்.